இசைக்கும் கைகளுக்கும் ஓய்வு வேண்டும்

இசைக்கு உருகாத உள்ளம் இல்லை. அதிலும் எண்பது, நூறு கலைஞர்கள் ஒரே மேடையில் அமர்ந்து, இசை நடத்துநரின் கைக்கோல் அசைவுக்கு இணங்கி வாசிக்கும் மேற்கத்திய சிம்பொனி இசையைக் கேட்போர் தம்மை மறந்து விடுவர். 2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் லண்டன் மாநகரில், இளையராஜா அவர்கள் இயற்றிய ‘வேலியன்ட்’ என்னும் சிம்பொனியை ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவினர் வாசித்த செய்தி கேட்டுத் தமிழ் மக்கள் மகிழ்ந்தனர். இசையை இயற்றியவரைப் பாராட்டினோம். அதை வாசித்த கைகளைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

கேட்பவர்க்கு இன்பம் தரும் இத்தகைய கலைஞர்களில் பலர், தாம் வலியோடுதான் வாசிக்கின்றனர். கழுத்து நோவு, தோள் இறுக்கம், முதுகு வலி, மணிக்கட்டு வீக்கம், விரல் மரத்துப் போதல் ஆகியவை அவர்கள் தொழிலோடு ஒட்டி வரும் துன்பங்கள். மூட்டை சுமப்பவர்க்கு முதுகு நோகும், நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவர்க்குக் கழுத்து நோகும் என்றால் உடனே நம்புகிறோம். வயலின் வாசிப்பவருக்கும் அப்படித்தான் என்றால் நமக்கு வியப்பாக இருக்கிறது. இசை என்பது விளையாட்டு, அதில் உழைப்பு ஏது என்று நினைத்து விடுகிறோம். அது உண்மையில் கடும் உடலுழைப்பே என்பதையும், அந்த வலி யாருடைய சோம்பலாலும் திறமைக் குறைவாலும் வருவதன்று என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இசைக்குழுவில் ஒரு நாள்

பெரிய சிம்பொனி இசைக்குழுவில் ஏறத்தாழப் பாதிக்கு மேற்பட்டோர் தந்திக் கருவி வாசிப்பவர்கள். வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ, ஆள் உயரத்தையும் மிஞ்சும் டபுள் பாஸ் என்பன அவை. பின்வரிசைகளில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன் ஆகிய குழல் கருவிகள். அவற்றிற்கும் பின்னால் டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா போன்ற பித்தளைக் கருவிகளும் முரசுகளும் இருக்கும்.

அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பலவற்றில், ஒத்திகையும் கச்சேரியும் சேர்த்து வாரத்திற்கு எட்டு அமர்வுகள் வரை வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். ஓர் அமர்வு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நீளும். இது தவிர வீட்டில் நாள்தோறும் தனியாகச் சாதகம் செய்ய வேண்டும். சிலர் மாலையில் மாணவர்க்கும் கற்பிப்பர். ஆகவே கருவி கையில் இல்லாத நேரம் அவர்களுக்கு மிகக் குறைவு.

வாசிக்கும் இசையும் எளிதன்று. ஜெர்மானிய இசைமேதை வாக்னர் இயற்றிய ‘நிபெலுங்கின் மோதிரம்’ என்னும் இசை நாடகம் நான்கு இரவுகளில் நடைபெறுவது. மொத்தம் சுமார் 15 மணி நேர இசை. முதல் நாள் நாடகம் மட்டும் இரண்டரை மணி நேரம், இடைவேளையே இல்லாமல் ஓடும். 1876ஆம் ஆண்டு பைராய்ட் நகரில் இது முழுமையாக அரங்கேறியபோது, இசைக்குழுவினர் பார்ப்போர் கண்ணில் படாதபடி மேடைக்குக் கீழே மூடிய பள்ளத்தில் அமர்ந்து வாசித்தனர். இன்றும் இசை நாடக அரங்குகளில் வாசிப்போர் இப்படிப்பட்ட பள்ளத்தில்தான், நெருக்கமான இடத்தில், சிறு விளக்கொளியில் உட்காருகின்றனர்.

இன்னொரு சான்று. பிரெஞ்சு இசைமேதை ராவெல் இயற்றிய ‘பொலேரோ’ 1928இல் பாரிஸில் அரங்கேறியது. அதில் சிறு முரசு வாசிப்பவர் ஒரே தாளக் கட்டைத் தொடர்ந்து 169 முறை வாசிக்க வேண்டும். சுமார் கால் மணி நேரம் அவருக்கு ஓய்வில்லை. தொடக்கத்தில் காதுக்கு எட்டியும் எட்டாத மென்மையோடு ஆரம்பித்து, சிறிது சிறிதாக வலுவை ஏற்றிக் கொண்டே போக வேண்டும். ஓங்கி அடிப்பதைவிட, குச்சியை அடக்கி மெல்லத் தட்டுவதே மணிக்கட்டுக்குப் பெரிய சோதனை.

உடலின் உள்ளே நடப்பது என்ன?

தோழியரே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே பற்றிக் கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களைப் பியானோ வாசிப்பது போல் அசையுங்கள். பற்றிய இடத்தில் தசைகள் அசைவதை உணர்வீர்கள். விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டு வழியாகச் சென்று விரல் எலும்புகளை இழுக்கின்றன. பொம்மலாட்டக்காரர் மேலே இருந்து கயிற்றை இழுக்க, கீழே பொம்மை ஆடுவது போன்றது இது.

இந்தத் தசைநாண்கள் வழுவழுப்பான உறைகளுக்குள் ஓடுகின்றன. ஆயிரக்கணக்கான முறை ஓய்வின்றி உரசினால் உறை வீங்கி விடும். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு பட்டைக்கும் இடையே குறுகலான ஒரு வழி உண்டு. விரல்களின் தசைநாண்களும், கட்டைவிரல் முதலான விரல்களுக்கு உணர்வு தரும் ஒரு முக்கிய நரம்பும் அவ்வழியேதான் செல்கின்றன. அங்கே வீக்கம் ஏற்பட்டால் நரம்பு நசுங்கும். விரல்கள் மரத்துப் போகும். இரவில் வலி தூக்கத்தைக் கெடுக்கும்.

அசைவு மட்டுமே தீங்கு என்று எண்ண வேண்டாம். அசையாமல் இருப்பதும் தீங்கே. இரு கைகளையும் தோள் மட்டத்திற்கு உயர்த்தி ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருந்து பாருங்கள். எடை எதுவும் தூக்காமலே தோள் எரியத் தொடங்கும். தசை சுருங்கியே இருக்கும்போது, அதனுள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழுத்தப்படுகின்றன. வேண்டிய பிராணவாயு கிடைப்பதில்லை, கழிவுப் பொருள்களும் எளிதில் வெளியேறுவதில்லை. விரல்கள் அசைந்து கொண்டிருக்க, தோளும் கழுத்தும் முதுகும் அசையாமல் தாங்கிக் கொண்டிருக்கின்றன. இவ்விரண்டும் மணிக்கணக்காகச் சேர்வதே இசைக் கலைஞரின் நோவுக்கு அடிப்படை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்னும்போது, சதையும் நரம்பும் எம்மாத்திரம்?

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நோவு

வயலினின் எடை சுமார் அரைக் கிலோதான். ஆனால் மேற்கத்திய முறையில் அதை இடது காறை எலும்பின் மேல் வைத்து, மோவாயால் அணைத்துப் பிடிக்க வேண்டும். இடது உள்ளங்கை முகத்தை நோக்கும்படி கை திருகியிருக்கும். வலது கை வில்லோடு உயர்ந்தே இருக்கும். இதனால் கழுத்தும் இடது தோளும் முதலில் நோகின்றன. வயோலா இன்னும் பெரியது, கையை இன்னும் நீட்ட வேண்டும். மேலும் தந்திக் கருவி வாசிப்போர் இருவருக்கு ஒரு இசைத்தாள் தாங்கிதான் உண்டு. ஒரு கண் தாளிலும் ஒரு கண் நடத்துநரிடமும் இருக்க, கழுத்தைத் திருப்பியபடியே மாலை முழுதும் வாசிப்பவர்கள் உண்டு.

நம் நாட்டு முறையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் போன்றோர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தனர். நம் வித்துவான்கள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தின் மேலும் மறுமுனையை மார்பின் மேலும் சாய்த்து வாசிக்கின்றனர். அதனால் மோவாய்க்கு வேலை இல்லை, இடது கையும் தாங்கும் பொறுப்பின்றி எளிதாக ஓடுகிறது. ஆயினும் நெடுநேரம் அசையாது அமர்வதால் முதுகும் முழங்காலும் அதற்குரிய விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். கருவி ஒன்றே, பிடிக்கும் முறை மாறினால் நோகும் இடமும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

கிளாரினெட்டின் எடை ஏறத்தாழ 800 கிராம். அந்த எடையில் பெரும்பகுதியை வலது கட்டைவிரல் ஒன்றே தாங்குகிறது. புல்லாங்குழல் வாசிப்பவர் இரு கைகளையும் வலப்பக்கம் உயர்த்தித் தலையை இடப்பக்கம் திருப்புகிறார். டிரம்பெட் வாசிப்பவருக்கு உதட்டைச் சுற்றியுள்ள தசையே கருவி. அது கிழிந்து போனவர்களும் உண்டு. டபுள் பாஸ் வாசிப்பவர் கருவியை வளைந்து அணைத்து வாசிப்பதோடு, அதை ஊர் ஊராகச் சுமந்தும் செல்ல வேண்டும்.

முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஜெர்மானிய வயலின் மேதை லூயி ஸ்போர் 1820ஆம் ஆண்டளவில் மோவாய்த் தாங்கி ஒன்றை அமைத்தார். கருவியை இறுக்கிப் பிடிக்கும் சுமை இடது கைக்கு அதனால் குறைந்தது. கெண்டைக்கால்களால் கவ்விப் பிடித்து வந்த செல்லோவுக்கு, 19ஆம் நூற்றாண்டில் தரையில் ஊன்றும் கம்பி வழக்கத்திற்கு வந்தது. கருவியை மனிதனுக்கேற்பத் திருத்தலாம் என்பதை இவை காட்டுகின்றன.

எண்கள் கூறும் உண்மை

1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் 48 இசைக்குழுக்களின் கலைஞர்களிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. விடை அளித்தவர்கள் 2,212 பேர். அவர்களில் 82 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் உடல் தொல்லை உண்டு என்றனர். வாசிப்பையே கடுமையாகப் பாதிக்கும் தொல்லை இருப்பதாகக் கூறியவர்கள் 76 விழுக்காட்டினர். அதாவது நால்வரில் மூவர்!

ஆஸ்திரேலியாவின் எட்டு இசைக்குழுக்களில் 377 கலைஞர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. வாசிப்பைத் தடுக்கும் அளவு வலியைத் தம் வாழ்வில் ஒரு முறையேனும் அனுபவித்தவர்கள் 84 விழுக்காட்டினர். ஆய்வு நடந்தபோதே பாதிப் பேர் வலியோடு இருந்தனர். கால் நூற்றாண்டு இடைவெளியில், இரு வேறு கண்டங்களில், ஏறத்தாழ ஒரே செய்தி கிடைத்திருக்கிறது.

பெண் கலைஞர்கள் ஆண்களைவிட மிகுதியாக வலியைத் தெரிவிக்கின்றனர் என்பதும் பல ஆய்வுகளில் வந்துள்ளது. கருவிகளின் அளவு எல்லாக் கைகளுக்கும் ஒன்றாக இருப்பதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இக்கருவிகள் உருப்பெற்ற காலத்தில் இசைக்குழுக்களில் பெண்களுக்கு இடமே இல்லை. பெர்லின் பில்ஹார்மானிக் இசைக்குழு முதல் பெண் உறுப்பினரைச் சேர்த்தது 1982இல். வியன்னா பில்ஹார்மானிக் 1997 வரை காத்திருந்தது. சிறிய கைக்கேற்ற சிறிய வயோலாவைத் தேர்ந்து கொள்வது இன்று பலருக்கும் உதவுகிறது.

விரல்கள் கீழ்ப்படியாதபோது

வலியே இல்லாமல் வரும் நோய் ஒன்றும் உண்டு. எழுதும்போதும் உண்ணும்போதும் விரல்கள் நன்றாகவே இயங்கும். கருவியைத் தொட்டவுடன் மட்டும் ஒரு விரல் தானாக மடங்கிக் கொள்ளும், அல்லது விறைத்து நிற்கும். மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. அளவுக்கு மீறிய பயிற்சியால் அந்த எல்லைகள் கலந்து போவது இந்நோயில் காணப்படுகிறது. டிஸ்டோனியா என்பது இதன் பெயர். தொழில்முறைக் கலைஞர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இது வருகிறது.

இசைமேதை ராபர்ட் ஷூமான் இளமையில் பியானோ வாசிக்கவே விரும்பினார். விரல்களை வலுப்படுத்த ஓர் இயந்திர அமைப்பையும் பயன்படுத்தினார். 1832ஆம் ஆண்டளவில் வலது கை விரல் பயனற்றுப் போகவே, மேடைக் கனவைக் கைவிட்டு இசை இயற்றுவதில் முழுதும் ஈடுபட்டார். அவருக்கு வந்தது இந்நோயே என்று இன்றைய மருத்துவர் பலர் கருதுகின்றனர்.

அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃபிளைஷரின் கதை இன்னும் உருக்கமானது. 1964இல் அவருடைய வலது கையின் கடைசி இரு விரல்கள் உள்ளே மடங்கத் தொடங்கின. கிளீவ்லாந்து இசைக்குழுவுடன் சோவியத் நாட்டுப் பயணம் காத்திருந்தது. விரல் தளர்வதைக் கண்டவர் ஓய்வு கொள்ளவில்லை, பயிற்சியை இன்னும் கூட்டினார். கடைசியில் பயணமும் போயிற்று, வலது கையும் போயிற்று. அவருக்கு அப்போது வயது 36. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக ராவெல் இயற்றிய இடது கை இசைபோன்றவற்றை வாசித்தும், மாணவர்க்குக் கற்பித்தும், இசைக்குழுக்களை நடத்தியும் அவர் முப்பது ஆண்டுகள் காத்திருந்தார். 1990களில் புதிய சிகிச்சை கிடைத்த பின்னரே மீண்டும் இரு கைகளாலும் மேடையில் வாசித்தார். 2004இல் வெளியான அவருடைய இசைத்தட்டின் பெயர் ‘இரு கைகள்’. 2020இல் மறைந்தார்.

இசைக்குழுவின் உள்ளேயே நடந்த ஒன்று: சிகாகோ சிம்பொனி இசைக்குழுவின் முதன்மை ஓபோ கலைஞர் அலெக்ஸ் கிளைன். 2002இல் உலகப் புகழ்பெற்ற கிராமி விருது பெற்றவர். இரண்டே ஆண்டுகளில், 2004இல், இடது கை விரல்களுக்கு இந்நோய் வந்ததால் அப்பதவியை விட்டு விலக நேர்ந்தது. திறமைக்குக் குறைவில்லாதவரையும் இந்நோய் விட்டு வைப்பதில்லை.

ஏன் மறைத்தனர்?

தொழிலால் வரும் நோய்களைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதினார். 1926இல் பெர்லின் மருத்துவரும் பாடற்குழு நடத்துநருமான குர்ட் சிங்கர், இசைக் கலைஞர்களின் தொழில் நோய்களைப் பற்றியே தனி நூல் வெளியிட்டார். யூதராகிய அவர் பின்னர் நாஜிகளால் சிறைப்பட்டு 1944இல் டெரீசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார். அறிவு இவ்வாறு இருந்தும், கலைஞர்கள் தம் வலியை வெளியே சொல்லவில்லை.

காரணம் எளிது. ஓர் இடத்திற்கு நூற்றுக்கணக்கானோர் போட்டியிடும் தொழில் இது. கை வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வராதோ என்ற அச்சம். நாட்கூலி போல் அழைக்கும்போது மட்டும் வாசிப்பவர்க்கு இந்த அச்சம் இரட்டிப்பு. ‘வலிக்கிறதென்றால் முறை சரியில்லை’ என்று ஆசிரியர் கடிந்து கொள்வாரோ என்ற நாணம் வேறு. ஆகவே மாத்திரையை விழுங்கிவிட்டு மேடை ஏறினர். ஃபிளைஷரும், 1979இல் அவரைப் போலவே வலது கை பாதிக்கப்பட்ட கேரி கிராஃப்மனும் 1980களின் தொடக்கத்தில் தம் நிலையை வெளிப்படையாகக் கூறினர். அதன் பின்னர் பலர் துணிந்து மருத்துவரை நாடினர். 1986இல் இத்துறைக்கென ஒரு மருத்துவ இதழும், 1989இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவர் சங்கமும் தோன்றின. இருவர் வாய் திறந்ததால் பலருக்கு வழி பிறந்தது.

தடுக்கும் வழிகள்

இந்நோய்களில் பெரும்பாலானவற்றைத் தொடக்கத்திலேயே கண்டால் தடுக்கலாம். மருத்துவர்கள் கூறுவனவற்றுள் சில:

முதலாவது, விளையாட்டு வீரரைப் போல் வாசிப்பவரும் முதலில் உடலைச் சூடேற்ற வேண்டும். தோள், கழுத்து, மணிக்கட்டு ஆகியவற்றை மெல்ல அசைத்து, எளிய இசையில் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, தொடர்ந்து மணிக்கணக்காக வாசிக்காமல், அரை மணிக்கு ஒரு முறையேனும் கருவியைக் கீழே வைத்துச் சில நிமிடம் ஓய வேண்டும். அந்த நேரத்தில் இசைத்தாளைக் கண்ணால் படித்து மனத்துக்குள் வாசிக்கலாம்.

மூன்றாவது, விடுமுறை கழிந்து வந்ததும், தேர்வும் கச்சேரியும் நெருங்கும்போதும் பயிற்சி நேரத்தைத் திடீரென்று பெருக்கக் கூடாது. பலருக்கு நோவு தொடங்குவது அப்போதுதான்.

நான்காவது, நாற்காலியின் உயரம், மோவாய்த் தாங்கி, தோள் தாங்கி, தோள்வார் எல்லாம் அவரவர் உடலுக்குப் பொருந்த வேண்டும்.

ஐந்தாவது, முதுகுக்கும் தோளுக்கும் வலுவூட்டும் உடற்பயிற்சி வேண்டும். ஆஸ்திரேலிய இசைக்குழுக்களில் கலைஞர்களுக்கென்றே வகுத்த பயிற்சிகளைச் செய்தவர்களுக்கு வலி குறைந்தது.

ஆறாவதே தலையாயது. ஓய்ந்த பின்னும் வலி நீங்காவிட்டால், விரல் மரத்தால், கைப்பிடி தளர்ந்தால், உடனே ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

நம் பள்ளியிலும் வயலினும் கீபோர்டும் வீணையும் கற்கும் மாணவியர் உண்டு. ஆண்டு விழா நெருங்கும்போது இரவு பகலாகச் சாதகம் செய்வோரும் உண்டு. அந்த ஆர்வம் போற்றத்தக்கதே. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. வலியைப் பொறுத்துக் கொள்வது வேறு, வலியை மறைப்பது வேறு. முன்னது சில வேளை வீரமாகலாம். பின்னது கையையே பறித்துவிடும்.

இசையிலே ஒலி எவ்வளவு முக்கியமோ, ஒலிக்கு இடையே வரும் மௌனமும் அவ்வளவு முக்கியம். இசைத்தாளில் அந்த மௌனத்துக்கென்றே தனிக் குறிகள் உண்டு. அவற்றைக் கவனியாது வாசிப்பவர் இசையைக் கெடுக்கிறார். கைகளுக்குரிய ஓய்வையும் அவ்வாறே பயிற்சியின் ஒரு பகுதியாகக் கொள்வோமானால், நாம் விரும்பும் கலை நம்மோடு நெடுங்காலம் வாழும். சுவர் இருந்தால்தானே சித்திரம்!